நல்ல தகடு வரும்வரை

கரூரைத் தாண்டிய அமராவதி, திருமுக்கூடலூரில் காவிரியோடு சேர்வதற்கு முன் தொட்டுக்கொண்டு போகும் ஊர்களில் ஒன்று அது. ஊர்க்கோடியில் ஓட்டு வீடு, வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் சக்கரங்கள் கழற்றப்பட்டு, கனமான மரக்கட்டைகளின் மேல் நிற்கிறது 1989-ஆம் வருடத்து மெட்டடோர் வேன். ஆர்.சி. புத்தகத்தில் இதன் நிறம் சந்தனம். நான் போனபோது கூரையில் மட்டும்தான் அந்தச் சந்தனம் மிச்சமிருந்தது. ஜன்னலுக்குக் கீழே எங்கு பார்த்தாலும் துரு.

மேஸ்திரி ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வேனைச் சுற்றி வந்தார். நல்ல தகடு ‘ணங்’ என்றது. துரு தின்ற இடம் ‘பொத்’ என்றது. சத்தம் மாறும் இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார். பெயின்ட் உப்பியிருந்த இடத்தைவிட்டு ஒரு சாண் தள்ளியே அந்தக் கோடு போனது. “வெளிய தெரியறது காவாசிதானுங்க. மிச்சமெல்லாம் உள்ள இருக்கு. நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டிப் போடணும்” என்றார். கரூர் பஸ் பாடி பட்டறைகளில் வாழ்நாளைக் கழித்தவர் அவர். இப்போது வாரநாட்களில் ஓய்வு, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேன்.

வேனின் சொந்தக்காரர் ஒரு காலத்தில் இதன் டிரைவர். பெட்ஷீட் வியாபாரம் செய்த ஒரு கூட்டுக் குடும்பத்தின் வண்டி இது. பழனி, சமயபுரம், வேளாங்கண்ணி, பெண் பார்க்கப் போனது, பிள்ளை பெற்றவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தது எல்லாம் இதில்தான். பாகம் பிரிந்ததும் ஆளுக்கொரு கார் வந்தது, மெட்டடோர் புளியமரத்தடிக்குப் போனது. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்டபோது, அதே விலையைத் தானே தருவதாகச் சொல்லி வாங்கி வந்திருக்கிறார். இப்போது அவர் ஓட்டுவது வேறொருவரின் மினி லாரி. மனைவி ஏற்றுமதி கம்பெனியில் டெய்லர். சீட்டு எடுத்தால் கையில் வரும் பணம்தான் இந்த வேலைக்கு முதல். வரவு செலவு முழுவதும் அந்த அம்மாவின் கையெழுத்தில், பிள்ளையின் பழைய கணக்கு நோட்டில் இருக்கிறது.

நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் மெட்டடோரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பள்ளிக்கூட வேன், ஆம்புலன்ஸ், கல்யாண வேன் என்று ஒரு தலைமுறையைச் சுமந்த வண்டி. அதைச் செய்த புனேயின் பஜாஜ் டெம்போ, 1958-ல் ஜெர்மனியின் விடால் அண்ட் சோன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. மெட்டடோர் இங்கே 1969-ல் வந்து 2000-த்தோடு நின்றுபோனது. கம்பெனியின் பெயரே 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாறிவிட்டது. முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வேன் என்பதால் தரைக்கடியில் நீள ஷாஃப்ட் ஓடவில்லை, அதனால் தளம் தாழ்வு. ஒரே படியில் கிழவியும் குழந்தையும் ஏறிவிடலாம். எல்லோரும் விரும்பிய அந்தத் தாழ்வுதான் துருவுக்கும் வசதி. ரோட்டுச் சேறு முழுவதும் தளத்தின் அடியில் போய் அப்பிக்கொள்ளும்.

என்ஜின் கவலை அவர்களுக்கு இல்லை. மெர்சிடிஸ் வடிவமைத்த 2.4 லிட்டர் ஓ.எம்.616 டீசல் அது. அதே கம்பெனியின் டிராக்ஸ் வண்டிகளிலும் இந்த என்ஜின் ஓடியதால் சாமான் கிடைக்கிறது. பாடித் தகடுதான் எங்கேயும் இல்லை. சென்னை புதுப்பேட்டையில் கேட்டாலும், கோவை உக்கடத்தில் கேட்டாலும், கிடைப்பது இதே இடத்தில் இதே மாதிரி துருப்பிடித்த இன்னொரு தகடாகத்தான் இருக்கும். புதிதாகக் கையால் அடித்துத்தான் ஆக வேண்டும். இதற்காகத்தான் நான் அங்கே போனேன். புது வண்டிகளில் அடிபட்ட கதவைக் கழற்றிவிட்டு வேறு கதவை மாட்டிவிடுகிறார்கள். தட்டைத் தகட்டிலிருந்து ஒரு வளைவை எடுக்கும் கை, மாற்றுச் சாமான் கிடைக்காத வண்டிகளைச் சுற்றித்தான் இன்று மிஞ்சியிருக்கிறது.

துரு எங்கே இருக்கும் என்பதை மேஸ்திரி வண்டியைப் பார்க்காமலே சொல்வார். கூரை ஓர வடிகாலில் புளியஞ்சருகு மக்கி, மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. முன்கண்ணாடி ரப்பரின் கீழ்ப்பக்கம் அடுத்தது. கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற அடியில் துளைகள் உண்டு. அவை அடைத்துவிட்டால் கதவின் அடிப்பாகம் தொட்டியாகிவிடும். பெட்டி போல மூடிய படிக்கட்டு ஓரமும் தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களும் உள்ளிருந்து அரிபடுகின்றன. இரும்பு துருவாகும்போது தன் அளவைவிடப் பல மடங்கு பருக்கும். இரண்டு தகடுகள் ஒட்டிய மடிப்புக்குள் அது புகுந்தால், தடித்துத் தடித்து வெல்டிங்கையே பிளந்துவிடுகிறது. அப்படிப் பிளந்த ஒரு மடிப்பை எனக்குக் காட்டினார். நகத்தால் கீறினால் பிஸ்கட் போல அடுக்கடுக்காகப் பெயர்ந்தது.

வெட்டுவதற்கு முன் அவர் செய்த காரியம் என் மனதில் நிற்கிறது. கதவு வாசல்களின் குறுக்கே இரும்பு ஆங்கிள்களை வைத்துத் தற்காலிகமாகப் பற்றவைத்தார். மூலைக்கு மூலை டேப் பிடித்து, அளவுகளைச் சுவரிலேயே எழுதினார். இந்த மாதிரி வேனில் பாடியே பாதி எலும்பு. தளத்தை ஒரேயடியாக வெட்டி எடுத்தால் நடு வண்டி தொய்ந்துவிடும், அப்புறம் எந்தக் கதவும் சாத்தாது. ஆகையால் ஒரு சட்டத்தை வெட்டி, அதற்குப் புதுசு வைத்து முடித்த பிறகுதான் அடுத்ததில் கை. இப்படிச் செய்தால் நாள் இழுக்கும், செலவு கூடாது. பட்டறைக்கு விட்டிருந்தால் இந்தப் பொறுமைக்கெல்லாம் கூலி எண்ணி வைக்க வேண்டும். டீசல் டேங்க்கைக் கழற்றி வெளியே வைத்து, பேட்டரி வயரையும் பிடுங்கிய பிறகே வெல்டிங் மெஷினுக்குக் கரண்ட் கொடுத்தார்கள்.

தகடு வாங்குவதில் இருக்கிறது பாதி சிக்கனம். பஸ் பாடி பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய சி.ஆர். ஷீட் துண்டுகள் கிலோ கணக்கில் கிடைக்கின்றன. தளத்துக்கு 18 கேஜ், பக்கத் தகட்டுக்கு 20. துருப்பிடிக்காது என்று நினைத்து ஜி.ஐ. ஷீட் வைக்கலாமா என்று சொந்தக்காரர் முதலில் கேட்டிருக்கிறார். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் வெண்புகையாக எழும். அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சலில் கிடக்க வேண்டியதுதான். இளவயதில் அவரே அப்படி நடுங்கிக் கிடந்திருக்கிறார். கண்ணாடி பீடிங்கும் கதவு ரப்பரும் பஸ்ஸுக்குப் போடுவதையே கரூர்க் கடைகளில் அடிக்கணக்கில் வெட்டி வாங்கினார்கள்.

பிரேக்கில் மட்டும் யாரும் பேரம் பேசவில்லை. வீல் சிலிண்டர், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் கிட் எல்லாம் புதுசு. நோட்டில் முதல் பக்கத்துச் செலவே அதுதான். வீட்டில் வண்டி கட்டுகிற பலர் முதலில் பெயின்ட் வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பளபளவென்று நிற்கும் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் என்ன ஆகும்? அந்த அம்மா பிரேக்கை முதல் பக்கத்தில் எழுதியதைப் பார்த்ததும் அவர்மேல் எனக்குப் பெரும் மரியாதை வந்தது.

கழற்றிய சின்னச் சாமான்களில் ஏறிய துருவை எடுக்க, கொட்டகைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் டிரம் இருந்தது. தண்ணீரில் சலவைச் சோடா, பழைய பேட்டரி சார்ஜர். மைனஸ் முனை துருப்பிடித்த சாமானுக்கு, பிளஸ் முனை ஒரு வேண்டாத இரும்புத் தகட்டுக்கு. ஓர் இரவு ஓடினால் துரு கறுஞ்சேறாகக் கழன்றுவிடும், நல்ல இரும்பு கரையாது. இதில் ஹைட்ரஜன் கிளம்புவதால்தான் டிரம் திறந்த வெளியில் இருந்தது. பிளஸ் முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வைக்கவே கூடாது, குரோமிய நஞ்சு தண்ணீரில் இறங்கும். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் செய்த ஏற்பாடு இது.

கை நுழையாத இடுக்குகளுக்கு மேஸ்திரியிடம் வேறு மருந்து இருந்தது. கடுக்காய் ஓட்டை இடித்துக் கொதிக்க வைத்த தண்ணீர். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபின் அதைத் தடவினால், மிஞ்சிய துரு கொஞ்ச நேரத்தில் நீலம் கலந்த கறுப்பாகிறது. கடுக்காயின் டானின் இரும்போடு சேர்ந்து உண்டாகும் கறுப்பு அது. கலம்காரித் துணியின் கறுப்பும் இதே சேர்க்கைதான். அருங்காட்சியகங்களில் பழைய இரும்பைக் காக்கவும் டானிக் அமிலம் பூசுகிறார்கள். ஆனால் அதோடு விட்டுவிட முடியாது, மேலே பிரைமர் ஏறியாக வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார்.

பட்டி விஷயத்தில் அதைவிடக் கறார். ஓட்டைமேல் ஒரு தகரத்தை ஒட்டி, விரல்கனத்துக்குப் பட்டி அப்பி, தேய்த்துப் பெயின்ட் அடித்தால் வண்டி ஒரு மழைக்காலம் தாங்கும். பட்டி ஈரத்தை உறிஞ்சும், உள்ளே துரு மறுபடி கிளம்பும், பெயின்ட் உப்பும். பழைய வண்டி விற்பவர்களின் வேலை அது. டாலி என்னும் இரும்புக் கட்டையை உள்ளே கொடுத்து வெளியே சுத்தியலால் தட்டித் தட்டி, தகட்டையே சமமாக்கிவிட்டுத்தான் அவர் பட்டி டப்பாவைத் திறப்பார். சூட்டில் நீண்டு துருத்திய இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, ஈரத்துணியால் ஒற்றிச் சுருக்குவார். அதற்குமேல் இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாமல் பட்டி. உள்ளங்கையால் தடவிப் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். எனக்குக் கண்ணுக்கே தெரியாத பள்ளத்தை அந்தக் கை நின்று காட்டியது.

வெறும் ரெட் ஆக்சைடோடு வண்டியை மழையில் நிறுத்தக் கூடாது என்பதையும் அங்கேதான் அழுத்தமாகக் கேட்டேன். அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, தண்ணீர் உள்ளே போய்விடும். கொட்டகை போட்ட செலவு வீண் இல்லை என்று சொந்தக்காரருக்கு அப்போதுதான் சமாதானம். பெயின்ட்டுக்குச் சாதாரண சிந்தடிக் எனாமல் என்று முடிவு. கார் கம்பெனிப் பளபளப்புக்கு பி.யு. பெயின்ட் அடிக்கலாம், ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகமூடி இல்லாமல் அதை ஸ்பிரே செய்யக் கூடாது. பெயின்ட் அடிக்கும் அன்று விடியற்காலையில் தரைக்குத் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு, மெல்லிய பூச்சாகப் பலமுறை அடித்து, நடுவில் தண்ணீர் எமரி போட்டுத் தேய்க்கப் போகிறார்கள். சந்தன நிறமே இருக்கட்டும், ஆர்.சி.யில் மாற்ற வேண்டியிருக்காது.

சீட் உறைகள் எல்லாவற்றுக்கும் முன்பே தயாராகிவிட்டன. ஏற்றுமதியில் கழிந்த கெட்டி கேன்வாஸை வாங்கி, தடித்த ஊசி மாட்டி, ஓரங்களில் இரட்டைத் தையல் போட்டிருந்தார் அந்த அம்மா. மேஸ்திரி ஒரு உறையின் மூலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பிடி கரெக்டா விட்டிருக்கியே தாயி” என்றார். “உங்க வேலைய பாத்துப் பாத்துத்தாண்ணா” என்று சிரித்தார் அவர்.

பேப்பர் வேலை பெரிய செலவு. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டியின் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025-ல், 20 வருடம் கடந்தவற்றுக்கு 10,000. ஐம்பது வயதான வண்டிகளுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் விதியில் தனி எண் வரிசை உண்டு, ஆனால் அவற்றை அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது. குடும்பத்தோடு பழனி போக நினைப்பவருக்கு அதனால் பலனில்லை. புகை கக்கும் பழைய வண்டிகள் குறைய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என்றாலும் மாதத்தில் ஓரிரு தடவை ஓடப்போகும், ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்கும் தினமும் ஓடித் தேய்ந்த வண்டிக்கும் வயதை மட்டும் பார்த்து ஒரே தொகை வைப்பது நியாயமாகப் படவில்லை. வண்டியின் நிலையைப் பார்த்து வைக்கலாம்.

அன்று மதியம் பின்சக்கர வளைவு வேலை. வலப்பக்க வளைவை மேஸ்திரி முன்பே முடித்திருந்தார். இடப்பக்கம் அவருடைய தங்கை மகனின் பொறுப்பு. அவன் வாரநாட்களில் பஸ் பாடி கம்பெனியில் வெல்டர். அங்கே தகடுகள் மெஷினில் வெட்டி, மடித்தே வருகின்றன. காலண்டர் அட்டையில் வலப்பக்க வளைவைப் படியெடுத்து, திருப்பிப் போட்டு, தகட்டில் கோடு இழுத்து வெட்டினான். ஓர விளிம்பை உள்பக்கம் மடிக்க வேண்டும். உள்வளைவின் விளிம்பு மடியும்போது தகடு நீண்டு கொடுக்க வேண்டும். ஒரே அடியில் மடித்தால் கிழியும். அவனுடைய முதல் தகடு நடுவில் கிழிந்து மூலையில் கிடந்தது. இரண்டாவதை மரக்கட்டையின் ஓரத்தில் வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சின்னச் சின்ன அடிகளாகத் தட்டிக்கொண்டு போனான். ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மடிந்தது. மேஸ்திரி குறுக்கே பேசவில்லை. மடிப்பு முழுசாக நிமிர்ந்ததும் வாங்கி, வண்டியில் பொருத்தி, வெட்டுவாயில் இடைவெளியைப் பார்த்தார். ஓரிடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, “இங்க நூலளவு அரத்தை போடு கண்ணு” என்றார். அவன் ராவிக் கொடுத்ததும் மறுபடி வைத்துப் பார்த்தார்.

“டாக் வை. ஒரே பக்கமா வைக்காத, இந்தக் கோடில ஒண்ணு, அந்தக் கோடில ஒண்ணு. தகடு ஆறட்டும், அப்பறம் நடுவுல. நான் சாப்பிட்டு வர்றேன்.”

அவன் கண்ணாடியைக் கவிழ்த்துக்கொண்டான். சொந்தக்காரர் நோட்டை எடுத்து, அடுத்த ஞாயிறுக்கு வேண்டியதை எழுதத் தொடங்கினார்: எமரி 320, பின்கதவு கீல் இரண்டு, வாடகைக்குக் கம்ப்ரஸர் கேட்க வேண்டும்.