எங்கள் பிள்ளைகளின் நிறத்துக்கு ஒரு கேமரா

கேமரா வாங்க வேண்டும் என்று நாங்கள் முடிவெடுத்தது ஒரு சாவு வீட்டில்தான்.

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் எட்டு வருடமாக மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். பெரிய பிள்ளைகள் படிக்க வரும்போது தம்பி தங்கைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்படி அக்காவோடு வந்துகொண்டிருந்த நாலு வயதுப் பெண் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனாள். காரியத்துக்கு முந்தின நாள் அவளுடைய அப்பா எங்களிடம் வந்தார். "பாப்பா போட்டோ ஒண்ணு இருந்தா குடுங்க தம்பி. பிரேம் போட்டு மாட்டணும்."

எங்கள் நான்கு பேர் செல்போனிலும் தேடினோம். நாற்பது படங்களுக்கு மேல் அவள் இருந்தாள். ஒன்றில்கூட முகம் இல்லை. ஓடியதால் கலங்கிப்போன படங்கள், வாசல் வெளிச்சத்துக்கு எதிரே நின்றதால் கறுத்துப்போன படங்கள். ஆதார் அட்டையில் இருந்தது வெள்ளைத் துணிக்கு முன்னால் ஒரு நிழல். கடைசியில் ஒரு தொண்டு நிறுவனம் நன்கொடை கேட்டு அச்சடித்திருந்த கையேட்டில் அவள் முகம் தெளிவாகக் கிடைத்தது. மூக்கு ஒழுக, தலை வாராமல், சட்டையில்லாமல் நிமிர்ந்து பார்க்கிறாள். படமெடுத்தவர் நின்ற உயரத்திலிருந்தே குனிந்து எடுத்திருக்கிறார். அவள் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது வேணாம்பா. எம்புள்ள எப்பவும் சிரிச்சிக்கினே இருக்கும்."

படம் இல்லாமலேயே காரியம் முடிந்தது.

அன்றைக்கு இரவு நாங்கள் பேசியது இதுதான். நம் மக்கள் எப்போது படமாகிறார்கள்? அடிபட்ட நாளில், குடிசை எரிந்த நாளில், போராடி உரிமையை வாங்கிய நாளில். 2023 ஜனவரி 30 அன்று நம் மாவட்டம் தென்முடியனூரில் தலித் மக்கள் அம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது எல்லாப் பத்திரிகைகளிலும் படம் வந்தது. வர வேண்டிய படம்தான், வரலாறுதான். ஆனால் அதற்கு முந்தின நாளும் மறுநாளும் அந்தத் தெருப் பிள்ளைகள் விளையாடியிருப்பார்கள், தூங்கியிருப்பார்கள், அம்மா மடியில் உட்கார்ந்து சோறு தின்றிருப்பார்கள். அந்தச் சாதாரண நாட்களை யார் எடுப்பது? ஊர்த்தெரு வீடுகளில் குப்புற விழுந்ததிலிருந்து ஆல்பம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு முதல் படம் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கு எடுத்ததுதான்.

இத்தனைக்கும் இது படத்தின் அருமை தெரிந்த ஊர். ரமணரின் முகமாக உலகம் இன்று அறிந்திருப்பது, 1940களில் வெல்லிங் என்ற பெங்களூர்ப் புகைப்படக்காரர் எடுத்த ஒரு படத்தைத்தான். பௌர்ணமிக்குப் பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எத்தனை கேமராக்கள் என்று எண்ணிப் பாருங்கள். சாமியாரையும் எடுக்கிறார்கள், பலூன் விற்கும் குழந்தையையும் எடுக்கிறார்கள். அந்தக் குழந்தையிடம் பெயரும் கேட்பதில்லை, படத்தைத் திரும்பக் கொண்டுவந்து தருவதும் இல்லை.

சரி, வாங்கிவிடுவோம் என்று பணம் திரட்டினோம். இருபத்திரண்டாயிரம் ரூபாய் சேர்ந்தது. எதை வாங்குவது என்றுதான் தெரியவில்லை. கேட்ட கடையில் எல்லாம் "எத்தனை மெகாபிக்சல்" என்பதிலிருந்தே ஆரம்பித்தார்கள். படித்தும் பார்த்தும் நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம். உங்கள் தெருவுக்கும் உதவும்.

முதலில் மெகாபிக்சலை மறந்துவிடலாம். வீட்டில் மாட்டும் நாலுக்கு ஆறு அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், சுமார் 22 லட்சம் புள்ளிகள் போதும். அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேலே. இன்று எந்தக் கேமராவிலும் அதற்குப் பல மடங்கு இருக்கிறது. நமக்கு வேண்டியது வெளிச்சமும் வேகமும்.

சின்னப் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். ஓடும் குழந்தை கலங்காமல் விழ, ஷட்டர் வேகம் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்காவது வேண்டும். உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய நேரத்தில் படம் விழ நிறைய வெளிச்சம் உள்ளே வர வேண்டும். எங்கள் படிப்பகத்தில் சாயங்காலம் இருப்பது ஒரே ஒரு டியூப் லைட். கேமராவோடு சேர்த்துத் தரும் ஜூம் லென்ஸை முழுக்க இழுத்தால் அதன் துளை எஃப் 5.6. தனியாக விற்கும் எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எங்கள் நாற்பது படங்கள் கலங்கியதற்கும் கலங்காமல் இருந்திருக்கக் கூடியதற்கும் இடையில் இருந்தது இந்தப் பத்து மடங்குதான்.

அடுத்தது சென்சார். சட்டைப் பையில் போடும் சின்ன டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றில் சென்சார் சுமார் 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர்தான். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் கேமராவில் சுமார் 23க்கு 15. பரப்பில் பன்னிரண்டு மடங்கு. குறைந்த வெளிச்சத்தில் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறாமல் இருப்பது இதனால்தான். பழைய சின்னக் கேமராக்களில் இன்னொரு தொல்லை, பொத்தானை அழுத்தியபின் படம் விழுவதற்குள் ஒரு தாமதம். அதற்குள் சிரிப்பு போய்விடும்.

இனி நிறத்துக்கு வருவோம். தோழர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

கேமரா நடுநிலையானது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி இல்லை. வண்ணப் பட ஆய்வகங்களில் நிறத்தைச் சரிபார்க்க, கோடாக் நிறுவனம் 'ஷெர்லி கார்டு' என்ற ஒன்றை அனுப்பிவந்தது. அதில் இருந்தவர் வெள்ளைத் தோல் பெண். அவள் முகம் சரியாக வந்தால் படம் சரி. கறுப்புக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் ஒரே படத்தில் இருந்தால் கறுப்புக் குழந்தையின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டுமே மிஞ்சும் என்று தாய்மார்கள் குறைப்பட்டார்கள். பழுப்பு நிறங்களைப் படச்சுருள் சரியாகக் காட்ட வேண்டும் என்று கோடாக்கை அதிகம் நெருக்கியது சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும்தான் என்று ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். சாக்லேட்டுக்குக் கிடைத்த நியாயம் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. 1970இல் போலராய்டு கம்பெனியில் வேலை செய்த கரோலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரு கறுப்பினத் தொழிலாளர்கள், தங்கள் கம்பெனியின் கருவி தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களின் பாஸ் புத்தகத்துக்குப் படமெடுக்கப் பயன்படுவதைக் கண்டுபிடித்துப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 1977இல் போலராய்டு அந்த நாட்டை விட்டு வெளியேறியது. கேமராவுக்கும் அரசியல் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்றைய டிஜிட்டல் கேமராவும், எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும். சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் நம் பிள்ளை நின்றால், சுவர் ரொம்ப வெள்ளை என்று நினைத்துப் படம் முழுவதையும் இருட்டாக்கும். அதில் பிள்ளையின் முகம் போய்விடும். கறுத்த முகம் படத்தை நிறைத்தாலோ தேவைக்கு மேல் வெளுப்பாக்கிவிடும். ஆகவே 'எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்' என்ற கூட்டல் கழித்தல் பொத்தான் கைக்கு எட்டும் கேமராவையே தேடினோம். பின்னால் வெள்ளைச் சுவரோ வானமோ இருந்தால் கூட்டல் ஒன்று. முகமே நிறைந்தால் சற்றுக் கழித்தல். செல்போனில் எடுப்பவர்கள், தோலை வெளுக்க வைக்கும் பியூட்டி வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். எங்கள் பிள்ளைகளை வெள்ளையாக்கிக் காட்ட எங்களுக்குக் கேமரா வேண்டாம். ஃபிளாஷும் வேண்டாம். வாசல் ஓரம் உட்கார வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் முகத்தில் வெளிச்சம் தானாக நிறையும்.

கடைசியில் வாங்கியது, ஒருவர் பயன்படுத்திய டிஎஸ்எல்ஆர் உடலும் 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸும். 50 மில்லிமீட்டரை இரவல் வாங்கிப் பார்த்தோம். பத்துக்குப் பத்து வீட்டில் பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு சுவரில் முட்டியது. திரை திருப்பும் வசதி உள்ளதாகப் பார்த்தோம். கேமராவைத் தரையில் வைத்துத் தவழும் குழந்தையின் கண் உயரத்தில் எடுக்கலாம். கையேட்டில் பார்த்த அந்தக் கோணம் எங்கள் படங்களில் வரக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். பழையது வாங்கும்போது எத்தனை படம் எடுத்தது என்ற ஷட்டர் கணக்கைக் கேளுங்கள், லென்ஸைச் சூரிய வெளிச்சத்தில் சாய்த்துப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். நிக்கானின் தொடக்கநிலை உடல்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கும் பழைய லென்ஸ் அதில் தானாக ஃபோகஸ் ஆகாது.

எல்லாவற்றையும் விட முக்கியம், ரசீது. ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். நம் பையன் கழுத்தில் கேமரா தொங்கினால் முதல் கேள்வி "எங்கடா அடிச்ச?" என்றுதான் வரும். எங்களிடமும் வந்தது. ரசீதின் நகலை லேமினேட் செய்து பையிலேயே வைத்திருக்கிறோம்.

எடுத்த படத்தை என்ன செய்வது என்பதற்கும் எங்களுக்குள் விதி உண்டு. அம்மாவைக் கேட்காமல் எடுப்பதில்லை, குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் எடுப்பதில்லை. முகநூலில் போடுவதில்லை. படத்தோடு இடம் பதிவாகும் வசதியை அணைத்துவிடுகிறோம். வன்கொடுமை நடந்த இடத்தில் குழந்தைகளின் முகத்தை எடுத்துப் பரப்பாதீர்கள் தோழர்களே. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும், பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றம் என்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் அது தப்புதான்.

'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் பழனிக்குமார், துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருபவர், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறார். எங்களுக்கு அதுதான் வழி. இப்போது படிப்பகத்துக் கேமராவை அதிகம் எடுப்பது எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். இறந்துபோன அந்தக் குழந்தையின் அக்கா. பொடிசுகளை எடுக்க அவள் தரையில் படுத்துக்கொள்கிறாள், நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒவ்வொரு ஏப்ரல் 14 அன்றும் தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் ஒரு படம், நாலுக்கு ஆறு, அச்சுப்போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அண்ணல் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் அந்த இடத்தில் ஆணி அடித்திருக்கிறது, படம் இல்லை.

உங்கள் தெருவில் அப்படி ஒரு ஆணி இருக்க வேண்டாம். கேமரா வாங்கும் வரை காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை இருக்கும் செல்போனிலேயே, வாசல் வெளிச்சத்தில், தரையில் உட்கார்ந்து எடுங்கள். அச்சுப்போட்டுக் கொடுங்கள்.

ஜெய்பீம்.