41 ஆட்டங்களும் ஒரே ஓர் ஆட்டமும்

2025 மார்ச் 23, மினியாபொலிஸ். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி இறுதியாட்டம். ஒஹாயோ ஸ்டேட் அணியிடம் விஸ்கான்சின் பல்கலைக்கழக அணி 2-3 எனப் பின்தங்கி நிற்கிறது. முடிய 18.9 வினாடிதான் பாக்கி. அந்த நேரத்தில் விஸ்கான்சினுக்கு ஒரு பெனால்டி ஷாட். கிர்ஸ்டன் சிம்ஸ் தனியாகச் சறுக்கிக்கொண்டு போய் கோல் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் விழுந்த வெற்றி கோலும் அவருடையதே. விஸ்கான்சினுக்கு அது 8ஆவது பட்டம்.

என் நோட்டில் நான் அடிக்கோடிட்டது வேறொரு கணக்கை. அந்தப் பருவத்தில் அவர்கள் வென்றது 38, தோற்றது 1, சமன் 2. ஆக 41 ஆட்டங்கள். செப்டம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் வரைக்கும். கடைசி 18 வினாடியில் கை நடுங்காமல் இருந்ததற்கு அந்த 41தான் காரணம் என்று நம்புகிறேன்.

*

ஆட்டம் தெரியாதவர்களுக்காக. நம் மைதான ஹாக்கியில் 11 பேர். இதில் கோல்கீப்பரையும் சேர்த்து 6 பேர். பந்துக்குப் பதில் கெட்டி ரப்பரில் ஒரு வட்டத் தட்டு, பக் என்பார்கள். 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். ஒருத்தி முக்கால் நிமிடம் போல முழு மூச்சோடு ஆடிவிட்டு வெளியே வந்து உட்காருவாள், அடுத்தவள் பலகைத் தடுப்பைத் தாண்டி உள்ளே குதிப்பாள். ஆட்டம் அதற்காக நிற்காது. எதிராளியை உடம்பால் இடித்துத் தள்ளக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் விதி இடம் தராது. அதனால் பாஸ் போடுகிற நேர்த்தி கூடுதல். பார்க்க அத்தனை அழகு.

*

1964இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெம்புரோக் பெண்கள் கல்லூரியில் ஓர் ஐஸ் ஹாக்கி அணி தொடங்கியது. அந்த நாட்டில் கல்லூரிப் பெண்களுக்கு அதுதான் முதல் அணி. மட்டையும் கவசமும் இரவல் வாங்கித்தான் ஆடினார்கள். நம் குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கியதும் அதே 1964இல்தான். அமெரிக்காவில் 1972இல் ஒரு சட்டம் வந்தது, டைட்டில் நைன் என்று பெயர். அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையம் எதிலும் ஆண், பெண் என்று பேதம் காட்டக் கூடாது, விளையாட்டிலும்தான். பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர், பயணச் செலவு, உதவித்தொகை எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. அப்படியும் கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கிக்கு, கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ நடத்தும் தேசியப் பட்டப் போட்டி 2001இல்தான் ஆரம்பம்.

*

தென்காசிப் பக்கம் வடகரையில் எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளை கல்லூரி அணியில் மைதான ஹாக்கி ஆடுகிறாள். லெஃப்ட் விங். இந்த வருஷம் எத்தனை மேட்ச் என்று கேட்டேன்.

"ஒண்ணுதான் சித்தி. நாக் அவுட்லா! தோத்தா பஸ் ஏற வேண்டியதுதான்."

"எத்தனை மாசம் பயிற்சி எடுத்தியட்டீ?"

"ஸ்கூல்ல இருந்தே எடுக்கேன்."

முகத்தில் வருத்தமே இல்லை. ஹாக்கி என்றால் இவ்வளவுதான் என்று பழகிப்போயிருக்கிறாள். அது எனக்குத் தாங்கவில்லை.

*

ஆடுகிற நாட்கள் போதாத பிள்ளைகள் லடாக்கிலும் உண்டு. அவர்களைப் பற்றி நிறைய எழுத வேண்டும்.

இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் பெரும்பாலோர் லடாக்கிகள். கொஞ்சம் பேர் இமாச்சலத்தின் ஸ்பிதிப் பக்கம். லே நகரத்தில் குளங்கள் உறைந்தால்தான் பல காலம் ஆட்டமே நடந்தது. இயற்கைப் பனிக்கட்டி நிற்பது இரண்டு மாதம் போல. மைதானத்தைச் செய்வதும் ஆடுகிறவர்கள் வேலைதான். இரவில், உடல் விறைக்கும் குளிரில், தண்ணீர் ஊற்றி மட்டம் பண்ணுவார்கள். காலையில் அது உறைந்து கெட்டிப்பட்டிருக்கும். மேலே சேர்ந்த பொடியைச் சுரண்டித் தள்ளிவிட்டு ஆட இறங்குவார்கள்.

லடாக் கல்வியாளர் சோனம் வாங்சுக் முன்நின்று நடத்திய செக்மோல் பள்ளியில் பெண் பிள்ளைகளும் ஆடினார்கள். தேசிய அணிக்கு அங்கிருந்து பலர் வந்தார்கள். நீண்டகாலம் கோல்கீப்பராக இருந்த நூர்ஜஹானுக்குத் தொழில் பழைய சுவரோவியங்களைப் பழுதுபார்த்துக் காப்பது. ஒரு பக்கம் உதிர்கிற வண்ணத்தைப் பொறுமையாக ஒட்டவைக்கிற வேலை, இன்னொரு பக்கம் பாய்ந்து வருகிற பக்கை மறிக்கிற வேலை. இந்தப் பெண்ணைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும்.

2016இல் தைபேயில் ஆசிய சேலஞ்ச் கோப்பை. இந்தியப் பெண்கள் அணிக்கு முதல் சர்வதேசப் போட்டி. பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் போனார்கள். ஒரு வெற்றியும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என வென்றார்கள். முதல் வெற்றி. மலேசியாவையும் 5-4 என வென்றார்கள்.

2018 ஜனவரியில் கனடாவின் ஹேலி விக்கன்ஹெய்சர் லேவுக்கே வந்து இவர்களோடு ஆடினார். நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அதே ஆண்டு நவம்பரில் கால்கரியில் தான் நடத்தும் போட்டிக்கு அவர்களை அழைத்துக்கொண்டார்.

*

2025 ஜூன் தொடக்கம். ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் ஆசியக் கோப்பை முடிந்தது. இந்தியப் பெண்களுக்கு வெண்கலம், முதல் சர்வதேசப் பதக்கம். பாலைவனத்து ஊரில் பனிக்கட்டித் தளம் போட்டு வருஷம் முழுக்க ஆட முடிகிறது. இமயத்துப் பிள்ளைகள் பதக்கம் வாங்க அங்கே போகவேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் கேரளத்தில் பருவமழை மே 24ஆம் தேதியே இறங்கிவிட்டது. குற்றாலத்துக்கு அது முன்கூட்டி வந்த அருவி சீசன், பேச்செல்லாம் அதைப் பற்றியே. வெண்கலச் செய்தியை எங்கள் பக்கம் யாரும் பேசிக் கேட்கவில்லை.

*

குற்றாலத்துக் கடைக்காரருக்குச் சாரல் எப்படியோ, லடாக் ஆட்டக்காரிக்குக் குளிர் அப்படி. அருவியில் தண்ணீர் விழாத ஜூலையை நாங்கள் பார்த்திருக்கிறோம். விடுதி அறை காலி, பழக்கடை காலி, அந்த வருஷ வரவு போச்சு. பனிக்கட்டி பிந்தி உறைந்து முந்தி உருகினால் லேயில் ஒரு பருவமே சுருங்கிப்போகும். பூமி சூடேறுவதில் முதலில் அடி வாங்குகிற விளையாட்டுகளில் இதுவும் ஒன்று.

அதற்குத்தான் லேயில் செயற்கைத் தளம் அமைத்தார்கள். 2024 ஜனவரியில் ராயல் என்ஃபீல்டு அங்கே ஒரு ஐஸ் ஹாக்கி லீக் தொடங்கியது. ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் உண்டு. நம் திருவொற்றியூரில் புல்லட் செய்த அதே கம்பெனி. லீக் என்பதுதான் இதில் முக்கியம். தோற்ற அணிக்கும் அடுத்த ஆட்டம் உண்டு.

டேராடூன் கதை நேர்மாறு. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக ஒலிம்பிக் அளவில் உள்ளரங்கத் தளம் கட்டினார்கள். போட்டி முடிந்ததும் பல வருஷம் மூடிக் கிடந்தது. 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அத்தனை வருஷமும் லடாக் பெண்கள் குளம் உறைவதற்குக் காத்திருந்தார்கள். இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

*

எங்களுக்குப் பனிக்கட்டி வேண்டாம். எங்கள் ஹாக்கி மண்ணிலும் செயற்கைப் புல்லிலும் நடப்பது. கோவில்பட்டி இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. அங்குள்ள விளையாட்டு விடுதியில் பழகிய மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார்கள். அங்கே நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு வெளிமாநில ஆண்கள் அணிகள் வந்து இறங்கும்போது ஊரே மைதானத்தில் இருக்கும். அந்த ஊர்ப் பையன்கள் நல்ல ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்தே வளர்கிறார்கள். ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் உருவாக அது பெரிய காரணம். பெண் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கோப்பை இந்தத் தெற்குச் சீமையில் வேண்டும்.

*

லடாக் பிள்ளைகளுக்குத் திறமை 2016இலும் இருந்தது. குறைவாக இருந்தது ஆடுகிற நாட்கள். நாட்கள் கூடக் கூட 2017 வந்தது, 2025 வந்தது. எங்கள் லெஃப்ட் விங்குக்கும் அதுதான் குறை.

தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு பெண்கள் ஹாக்கியை நாக் அவுட்டாக வைக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகளாக நான்கைந்தைச் சேர்த்துக் குழுக் குழுவாக லீக் வையுங்கள். சனிக்கிழமைதோறும் ஓர் ஆட்டம் போதும். கல்லூரிப் பஸ் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். முதல் ஆட்டத்தில் தோற்றவளுக்கு அடுத்த சனிக்கிழமை ஓர் ஆட்டம் கொடுங்கள்.