பாசி பிடித்த உப்பு எங்கே போகிறது?

நீலப்பச்சைப் பாசியை விட்டால் உப்பைத் தின்று நிலத்தைத் திருத்திவிடும் என்ற நம்பிக்கை ஆய்வேடுகளின் முன்னுரைகளில் இன்னும் உலவுகிறது. அதன் வேர் மெய்யான ஒரு பணியில் இருக்கிறது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஆர்.என். சிங், உத்தரப்பிரதேசத்தில் ‘ஊசர்’ எனப்படும் களர்நிலத்தில் வரப்புக் கட்டி, மழைநீர் தேக்கி, பாசியை வளரவிட்டு நிலம் திருந்தியதை 1950இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்.

ஆனால், பாசி எனப் பெயர்பெற்ற இந்தப் பாக்டீரியா உப்பைத் தின்பதில்லை. உள்ளே புகும் சோடியத்தை வெளியே தள்ளுகிறது; பொட்டாசியத்தைச் சேர்க்கிறது; நீரை இழக்காதிருக்கத் தானே சில கரைபொருள்களை ஆக்கிக்கொள்கிறது. நன்னீர் இனங்களுக்குச் சுக்ரோஸ் அல்லது டிரெஹலோஸ், சினெகோசிஸ்டிஸ் போன்றவற்றுக்குக் குளுக்கோசில்கிளிசரால், மிகையுப்பில் வாழ்பவற்றுக்குக் கிளைசின் பீட்டைன். அனைத்தும் ஒளிச்சேர்க்கையில் ஈட்டிய கரிமத்தின் செலவு. உப்பில் வளர்ச்சி குன்றுவதற்கு இச்செலவும் ஒரு காரணம்.

கன உலோகங்களிடம் இப்படிக் கதவடைக்க இயலாது. எலக்ட்ரானைக் கடத்தும் பிளாஸ்டோசயனினுக்குத் தாமிரம் வேண்டும். பல நொதிகளுக்குத் துத்தநாகம் வேண்டும். இத்தகைய தேவைகளுக்காகத் திறந்த வழிகளில் காட்மியமும் நுழைந்துவிடுகிறது. செல்லைச் சூழ்ந்த சளியுறை ஒரு பங்கை வெளியிலேயே பிடிக்கிறது. உள்ளே வந்ததைச் சினெகோகாக்கஸ், மெட்டலோதயோனின் என்னும் சிறு புரதத்தால் கட்டிவைக்கிறது. கட்டிவைக்கிறது, அவ்வளவே, உலோகத்தை எவ்வுயிராலும் அழிக்க இயலாது.

இங்கேதான் 1997இல் ஆப்தேயும் தாமஸும் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வர வேண்டும். மகாராஷ்டிரக் கடலோர உவர்வயல்களில் அனபீனா டோருலோசா செழித்து வளர்ந்தது. மண்ணில் நைட்ரஜனைக் கூட்டியது. ஆனால் அது மடிந்து மக்கியதும், அதனோடு தங்கியிருந்த சோடியம் மண்ணுக்கே திரும்பிற்று. தமக்குச் சாதகமற்ற இம்முடிவை அவர்கள் மறைக்கவில்லை.

உலோகத்துக்கும் இதே கணக்குதான். கழிவுநீரில் வளர்த்த பாசியை அறுவடை செய்து அகற்றினால் காட்மியம் அகலும். வயலில் மடியவிட்டால் சேற்றிலேயே கிடக்கும். குடுவைநீரில் குறைந்த அளவை ‘நீக்கம்’ என்றெழுதும் கட்டுரைகள் இந்த வேறுபாட்டைக் கடந்துபோகின்றன. உப்பும் காட்மியமும் சேர்ந்தால் நச்சு இரட்டிக்கும் என்று கொள்வதும் பிழை: குளோரைடு காட்மியத்தோடு இணைவதால், நீரில் தனித்த காட்மிய அயனி குறையவே செய்யும்.

உவர்வயலில் ஆப்தேயும் தாமஸும் கண்ட வழி எளியது. பயிர் நிற்கும் காலத்திலேயே பாசியும் உயிரோடு நின்றால், அந்த மாதங்களுக்குச் சோடியம் சற்று விலகியிருக்கும், நைட்ரஜனும் கிடைக்கும். களர்நிலத்துக்கோ ஜிப்சம் இன்னும் மூட்டை மூட்டையாக வந்தாக வேண்டும்.