அம்மா பார்த்த தாடை

போன லீவுக்கு சிங்கப்பூர்ல இருந்து ஊருக்குப் போனோம். பெங்களூர்ல மாரிக்குப்பம் ரயில். 2001-ல சுரங்கத்தை மூடினப்புறம் எங்க கோலார் தங்கவயல் ஜனங்க வேலைக்குப் போய்வர்ற ரயில், கூட்டம் கேக்கணுமா! நாலு மாசப் பொண்ணை பேபி கேரியர்ல நெஞ்சோட கட்டியிருந்தேன். வார் தளர்வா இருந்தா அவளுக்கு சௌகரியம்னு நினைப்பு.

வாசல்லயே அம்மா பதறிட்டாங்க. "டேய், கொழந்த தாடை நெஞ்சுல இடிக்குது, மூச்சு எப்படிடா வுடும்?"

கடன் பத்திரத்தை வரி விடாம படிக்கிறவன், கேரியரோட வந்த குறிப்பை அன்னிக்கு ராத்திரிதான் படிச்சேன். முதல்ல இடுப்பு பெல்ட், அப்புறம் தோள் வார், ரெண்டும் இறுக்கமா. குனிஞ்சா உச்சியில முத்தம் கொடுக்கிற உயரம். முகம் எப்பவும் கண்ணுல படணும். தாடைக்குக் கீழ ஒரு விரல் இடைவெளி. முட்டி இடுப்பைவிட மேல. என் முதுகுவலியும் போச்சு.

என்னைப் புடவையில கட்டித் தூக்கினவங்களுக்குக் குறிப்பு தேவைப்படலை. நீங்களும் ஒருதரம் குனிஞ்சு பாத்துக்குங்க.