அந்த ஒயர் மிக்ஸிக்கு ஆகுமா?

நல்ல பாட்டுக் கேட்க என்னென்ன வேண்டும்? ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமை என்று நீங்கள் சொன்னால் உங்களுக்கு விஷயம் தெரியாது என்று அர்த்தம். ஜப்பானில் சில இசைப் பிரியர்கள் வீட்டு வாசலில் சொந்தமாக மின்கம்பமே நட்டுக்கொண்டார்கள். 2016-ல் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதைச் செய்தியாகப் போட்டது. கம்பம், அதன் தலையில் தனி டிரான்ஸ்ஃபார்மர் என்று சுமார் 10 ஆயிரம் டாலர் செலவு. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் சாப்பிட்ட எச்சில் கரண்டில் வயலின் கேட்க அவர்களுக்கு மனசில்லை.

பைத்தியம் என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். இவர்களுக்கு ஆடியோஃபைல்கள் என்று பெயர். டாக்டர், வக்கீல், இன்ஜினீயர் என்று நன்றாகப் படித்தவர்கள். இவர்களை நம்பி உலகம் முழுக்க ஒரு பெரிய கடைத்தெருவே இயங்குகிறது. 1990 வாக்கில், சி.டி.யின் ஓரத்தில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டால் இசை தெளியும் என்றார்கள். சி.டி.யை ஃபிரீஸரில் வைத்து எடுங்கள் என்றார்கள். ஸ்பீக்கர் ஒயர் தரையில் படக்கூடாது என்று அதற்குப் பீங்கானில் குட்டிக் குட்டி முட்டுக்கால் விற்றார்கள். அமெரிக்காவில் ஒரு கம்பெனி கண்ணாடி ஜாடியில் கூழாங்கல் போட்டு விற்றது. அறையின் மூலையில் வைத்தால் ஒலி சீராகுமாம்.

கூழாங்கல்லைப் பார்த்து நீங்களும் நானும் உஷாராகிவிடுவோம். கேபிளிடம்தான் ஏமாறுவோம். ஏனென்றால் கேபிள் விற்பவர் சொல்வது பொய் இல்லை.

உதாரணமாக ‘ஸ்கின் எஃபெக்ட்’. ஏ.சி. கரண்டின் அதிர்வெண் ஏற ஏற, அது ஒயரின் நடுப்பகுதியை விட்டுவிட்டு மேல்தோல் வழியாக ஓடப் பார்க்கும். சத்தியமான பௌதிகம். காலேஜ் புத்தகத்தில் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, ‘அதனால்தான் சார் எங்க கேபிள்ல வெள்ளி முலாம்’ என்று ஒரு ஐந்து இலக்க விலையை நீட்டுவார்கள். நீங்கள் அங்கே ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும்: ‘எவ்வளவு?’

விலையைக் கேட்கச் சொல்லவில்லை. விளைவு எவ்வளவு? மனிதக் காது கேட்கும் உச்சம் விநாடிக்கு 20 ஆயிரம் அதிர்வு. அந்த உச்சத்தில்கூட கரண்ட் செம்புக்குள் சுமார் அரை மில்லிமீட்டர் ஆழம் வரை தாராளமாகப் போகிறது. நாலைந்து மீட்டர் ஸ்பீக்கர் ஒயரில் இதனால் வரும் இழப்பு, ஒரு டெசிபலில் மிகச் சிறிய துணுக்கு. ரேடியோ அலை அனுப்புகிறவர் இதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம். பாட்டுக் கேட்கிறவருக்கு அந்த அவசியம் இல்லை.

நான் படித்தது பி.காம். பௌதிகத்தில் பாண்டித்தியம் கிடையாது. ஆனால் எங்கள் ஆடிட்டிங் பாடத்தில் ‘மெட்டீரியாலிட்டி’ என்று ஒரு சங்கதி உண்டு. 10 கோடி ரூபாய் பேலன்ஸ் ஷீட்டில் 50 பைசா உதைக்கிறது என்றால் அது தப்புதான், நிஜம்தான். ஆனால் அதற்காக எந்த ஆடிட்டரும் கம்பெனியை இழுத்து மூடச் சொல்ல மாட்டார். உண்மை என்பது வேறு, பொருட்படுத்த வேண்டிய உண்மை என்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் மேற்படிக் கடைத்தெரு இருக்கிறது.

பவர் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்வேலியில் கிளம்பும் கரண்ட் அலுமினியக் கம்பியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வந்து, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கி, உங்கள் வீட்டுச் சுவருக்குள் எலக்ட்ரீஷியன் இழுத்த சாதாரண ஒயரில் ஓடி, பிளக்கு வரை வந்துவிட்டது. கடைசி ஒன்றரை மீட்டரை மட்டும் மாற்றினால் அது புண்ணிய தீர்த்தமாகிவிடுமா? ஆம்ப்ளிஃபயர் செய்யும் முதல் வேலையே அந்த ஏ.சி.யை டி.சி.யாக மாற்றுவதுதான்.

இன்னொரு பிரபலமான வாதம்: ‘டிஜிட்டல் என்றால் ஒலியைத் துண்டு போடுவது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் இருக்கும் இசை என்னாவது?’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நைக்விஸ்ட் என்பவர் 1928-லேயே இதற்கு அடிப்படை போட்டுவிட்டார். ஷானன் 1949-ல் கணக்காகவே நிரூபித்துவிட்டார். ஒலியின் உச்ச அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால் போதும், நடுவில் இருப்பதைத் திரும்ப அப்படியே வரைந்துவிடலாம். சி.டி. எடுப்பது விநாடிக்கு 44,100 மாதிரி. அதாவது 22 ஆயிரம் அதிர்வு வரை கவலையில்லை.

‘கணக்கு கிடக்கட்டும் சார், காது சொல்லுதே!’ என்பீர்கள். சரி, காதையே கேட்போம். ஸ்டாக் எடுக்கும்போது ஸ்டோர் கீப்பரையே எண்ணச் சொல்லக்கூடாது என்பதும் எங்கள் ஆடிட்டிங் பாடம்தான். எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்க வேண்டும்.

1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஆடியோ கம்பெனி ஊழியர்களையே உட்கார வைத்தார்கள். ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது பெரிய, விலை கூடிய பெட்டிகளுக்கு மார்க் ஏறியது. சின்ன, மலிவான பெட்டிக்கு இறங்கியது. திரை போட்டு மறைத்ததும் அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. தொழிலில் இருப்பவர்களின் காதையே கண் இழுத்துக்கொண்டு போகிறது என்றால், நாமெல்லாம் எம்மாத்திரம்?

2007-ல் மேயர், மொரான் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். சி.டி.யைவிட உசத்தியான ஹை ரெசல்யூஷன் இசையை ஓடவிட்டு, நடுவில் ரகசியமாக அதைச் சி.டி. தரத்துக்கு இறக்கினார்கள். எப்போது இறக்கினோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். மொத்தம் 554 முயற்சி. சரியான விடை 276. காசு சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்திருக்கும்.

அதே வருஷம் ஜேம்ஸ் ராண்டி ஒரு சவால் விட்டார். போலிச் சாமியார்களை அம்பலப்படுத்தவே 10 லட்சம் டாலர் பரிசு வைத்திருந்த மனிதர். ஒரு ஜோடி 12 அடி ஸ்பீக்கர் கேபிள் 7,250 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. சாதாரண நல்ல கேபிளிலிருந்து அதைக் காதால் பிரித்துக் காட்டினால் அந்தப் பரிசு. ஒரு பிரபல விமர்சகர் தயார் என்றார். கம்பெனி பின்வாங்கியது. இழுபறியாகிக் கடைசியில் சோதனையே நடக்கவில்லை.

இந்தத் துறையின் பிதாமகர்களில் ஒருவர் கோர்டன் ஹோல்ட். 1962-ல் ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகையை ஆரம்பித்தவர். அவரே கடைசிக் காலத்தில் மனம் நொந்து, மறைத்து வைத்துக் கேட்கும் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாததால்தான் இந்தத் துறை மரியாதை இழந்தது என்று சொன்னார்.

நடக்காத சோதனை 2022-ல் தானாகவே நடந்துவிட்டது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்கக் கம்பெனியின் இசைத்தட்டுகளை ஆடியோஃபைல்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். டிஜிட்டல் கலக்காத சுத்த அனலாக் என்று நம்பி, சில தட்டுகளுக்கு 125 டாலர் வரை கொடுத்தார்கள். அந்த வருஷம் குட்டு உடைந்தது. 2011-லிருந்தே பல தட்டுகளுக்கு நடுவில் ஒரு டிஜிட்டல் நகல் இருந்திருக்கிறது. டிஜிட்டலில் ஜீவன் இல்லை என்று சத்தியம் செய்தவர்கள் பத்து வருஷமாக அதைத்தான் கேட்டு உருகியிருக்கிறார்கள். வழக்குப் போட்டார்கள், கம்பெனி சமரசத்துக்கு வந்தது. அந்தத் தட்டுகள் இன்றைக்கும் நன்றாகத்தான் பாடுகின்றன.

‘அவங்க காசு, அவங்க காது. உனக்கென்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். என் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். இளையராஜாவும் கர்னாடக சங்கீதமும் அவருக்கு இரண்டு கண். போன வருஷம் அவர் வீட்டுக்குப் போனபோது ஆம்ப்ளிஃபயரின் பின்னால் மலைப்பாம்பு மாதிரி ஒரு புது பவர் கார்டு. விலை 38 ஆயிரம்.

“வயலினுக்குப் பின்னாடி ஒரு இருட்டு தெரியுதுப்பா. முன்னாடி இது இல்ல” என்றார்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி, “இந்த ஒயரை மிக்ஸிக்குப் போட்டா சட்னி நல்லா வருமாண்ணே?” என்றார்.

பழைய கார்டையும் புதுசையும் மாற்றி மாற்றிப் போடுகிறேன், பார்க்காமல் சொல்லுங்கள் என்றேன். மனுஷர் முகம் மாறிவிட்டது. “வேண்டாம்ப்பா. வித்தியாசம் தெரியலைன்னா நாளைலேர்ந்து எப்படிக் கேட்பேன்?”

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. இந்த வயரிங் யோகம் எப்போது ஆரம்பித்தது என்று மட்டும் கேட்டேன். “ரெண்டு வருஷமா பாட்டுல ஏதோ குறையுது. சலங்கை, ஜால்ரா எல்லாம் அந்தக் காலத்துக் கணீர் இல்ல. மிஷின்லதான் கோளாறுன்னு ஒவ்வொண்ணா மாத்தறேன்.”

“டி.வி. சத்தத்தையும் ரெண்டு வருஷமா ஏத்திக்கிட்டேதான் இருக்கார்” என்றார் அவர் மனைவி.

உங்களுக்குப் புரிந்திருக்கும். வயதானால் காது முதலில் இழப்பது உச்ச ஸ்தாயியைத்தான். இரண்டு வாரம் கழித்து, ஒருவழியாக, காது டாக்டரிடம் போனார். ஆடியோகிராம் எடுத்தார்கள். இடது பக்கம் சமதளமாக இருந்த கோடு, வலது பக்கம் போகப் போகக் கிணற்றில் இறங்கும் படி மாதிரி இறங்கியிருந்தது. இரண்டு வருஷமாக அவருக்குக் கேபிள், ஸ்டாண்டு, ஸ்பைக் என்று விற்ற கடைகளில் ஒருவர்கூட, ‘சார், காதை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிட்டீங்களா?’ என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? குறை பெட்டியில் இருக்கும் வரைதான் அவர்களுக்கு வியாபாரம்.

எனக்குக் கோபம் வருவது அங்கேதான். அவர் கேட்ட சந்தோஷத்தைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. அவருடைய நிஜமான ஒரு குறைக்கு, நிஜமான பௌதிக வார்த்தைகளைச் சொல்லி, சம்பந்தமில்லாத மருந்தை விற்றார்கள். ‘குவாண்டம்’ தண்ணீரும், ‘அயான்’ வளையலும் இதே மாதிரிதான் விற்பனையாகின்றன. இது ஆடியோவோடு நிற்கிற வியாதி இல்லை.

எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வித்தியாசம் உண்டு, நன்றாகவே கேட்கும். அறை இன்னும் முக்கியம். மொட்டைச் சுவரும் மொசைக் தரையுமாக எதிரொலிக்கும் ஹாலில் ஒரு கனமான திரைச்சீலை, ஒரு ஜமுக்காளம், ஒரு புத்தக அலமாரி செய்கிற மாற்றத்தை எந்தக் கேபிளும் செய்யாது.

அப்படியும் ஒரு கேபிள் வாங்கியே தீருவது என்றால், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று கடையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பையனையோ பெண்ணையோ உதவிக்குக் கூப்பிடுங்கள். ஆம்ப்ளிஃபயரை ஒரு துண்டால் மூடுங்கள். சத்த அளவை இம்மிகூட மாற்றக்கூடாது. கொஞ்சம் சத்தம் கூடினாலே நமக்கு அது ‘நல்ல ஒலி’யாகத் தோன்றும், டெமோ ரூமில் பாதி வித்தை இதுதான். எந்த கேபிள் என்பதை ஒவ்வொரு தடவையும் காசு சுண்டிப் பார்த்து அவர்கள் முடிவு செய்யட்டும். நீங்கள் அறைக்கு வெளியே போய் வாருங்கள். பத்துத் தடவை கேட்டு, ஒவ்வொரு தடவையும் விடையை எழுதி வையுங்கள், சொல்லாதீர்கள்.

பத்துக்கு ஒன்பதோ பத்தோ சரியாக வந்தால் தாராளமாகப் பணத்தைக் கட்டுங்கள். ஐந்தோ ஆறோ வந்தால் கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு காது டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். மீதிக்குப் பாட்டு வாங்கலாம்.