உப்பிட்ட கரையில் ஒரு நாள்

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் முன்னோர் வாக்கு. நாற்புறமும் மலைகள் சூழ்ந்த கண்டி மாநகரில் வாழும் நமக்கு உப்பிட்டவர் யாவர் என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? யானும் எண்ணியதில்லை. சென்ற மாசி மாதத்து விடுமுறை நாளொன்றில், வீட்டுப் பிள்ளைகளின் தொல்லை தாங்காமல், ஓங்கில்களையும் மணற்குன்றுகளையும் காட்டி வரலாமென்று கற்பிட்டிக்குப் புறப்பட்டோம். வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் அவ்வினாவுக்கு விடையும் கிடைத்தது.

அதிகாலை இரண்டு மணிக்கே எங்கள் வான் கண்டியை விட்டது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடக்கையில் கீழே மகாவலி இருளில் ஓடிக்கொண்டிருந்தாள். அவ்விடத்திற்குச் சற்றுக் கீழேதான் பொல்கொல்லை அணை இருக்கிறது. 1976ஆம் ஆண்டு நிறைவெய்திய அவ்வணை, ஆற்று நீரில் ஒரு பகுதியை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வடக்கே திருப்பிவிடுகிறது. அந்நீர் உக்குவளையில் மின்சாரம் தந்து, கலாவாவியை நிரப்பி, வயல்களை வளப்படுத்தி, எஞ்சியது கலா ஓயாவோடு கலந்து புத்தளம் களப்பைச் சேர்கிறது. நாங்கள் போகும் திசைக்கே எங்களூர் ஆற்று நீரும் போகிறதென்று சொன்னபோது, உறக்கக் கலக்கத்திலிருந்த பிள்ளைகள் கண் விழித்துக்கொண்டனர்.

கலகெதரை வளைவுகளில் இறங்கிக் குருநாகலைத் தாண்டியதும் குளிர் மறைந்தது, தென்னந்தோப்புகள் தொடர்ந்தன. இவ்வழியின் வரலாறு பழையது. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா புத்தளத்தில் இறங்கியே சிவனொளிபாத மலைக்குச் சென்றார். கண்டியரசின் காலத்தில் உப்பும் கருவாடும் பொதிமாடுகளின் முதுகில் மலையேறின. கரையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், மலைநாட்டரசனின் பலவீனம் எதுவென்று நன்கு அறிந்திருந்தனர். வாளுக்கு அஞ்சாத நாடும் உப்பின்றி வாழ முடியாதன்றோ! மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1766இல் ஒல்லாந்தரோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் கரையோரம் முழுவதையும் இழந்தான். புத்தளம், சிலாபம் உப்பளங்களிலிருந்து அவன் குடிமக்கள் உப்பெடுத்துக்கொள்ளும் உரிமை மட்டும் எஞ்சியது. கடல் போயிற்று, உப்பு நின்றது.

பாலாவியில் திரும்பிக் கற்பிட்டித் தீபகற்பத்துள் நுழைகையில் பொழுது புலர்ந்தது. ஒருபுறம் அமைதியான களப்பு. மறுபுறம் ஆர்ப்பரிக்கும் பெருங்கடல். இடையே மணலாலான ஒடுங்கிய நிலம். கண்டக்குழிக் கரையில் எங்கள் வழிகாட்டி காத்திருந்தார். அவ்வூரிற் பிறந்து, தந்தையோடு மீன்பிடித்து வளர்ந்த இளைஞர். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கியை மாட்டிவிட்ட பின்னரே படகைத் தள்ளினார். நவம்பர் முதல் ஏப்ரல் வரையே இக்கடல் படகுக்கு இணங்கும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தபின் யாரும் வேடிக்கைக்காக இறங்குவதில்லை.

முதல் அரைமணி நேரம் நீலத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இளையவன் தலைசுற்றி என் மடியிற் சாய்ந்துவிட்டான். அப்போது வழிகாட்டி எழுந்து நின்று கையை நீட்டினார். தொலைவில் நீர் கொதிப்பது போலிருந்தது. அடுத்த கணம் கரிய மேனியொன்று வானிற் பாய்ந்து, பம்பரம்போற் சுழன்று, நீரில் வீழ்ந்தது. ஒன்று, பத்து, நூறு! எங்கள் படகைச் சூழ்ந்து எங்கும் சுழல் ஓங்கில்கள்! தாயின் விலாவோடு ஒட்டியபடி குட்டிகளும் வந்தன. மயங்கிக் கிடந்தவன் எப்போது எழுந்தானோ, அறியேன், கைகொட்டி ஆர்ப்பரித்தான்.

"அண்ணா, அவை ஏன் இப்படிச் சுழல்கின்றன?" என்று என் மகள் கேட்டாள்.

"உடம்பில் ஒட்டும் மீனை உதறுவதற்கென்பார் சிலர், கூட்டத்தாருக்குச் சைகை என்பார் சிலர், தங்கச்சி. எனக்குப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் தெரிகிறது" என்றார் அவர்.

அச்சமயம் வேறு நான்கைந்து படகுகள் பேரிரைச்சலோடு பாய்ந்து வந்து ஓங்கில் கூட்டத்தின் நடுவே புகுந்தன. கூட்டம் இரண்டாகச் சிதறியது. எங்கள் பிள்ளைகளும் "விரட்டுங்கள், விரட்டுங்கள்!" என்று கூவினர். வழிகாட்டியோ இயந்திரத்தை நிறுத்திவிட்டார். "ஐயா, இவை இரவெல்லாம் ஆழ்கடலிலிருந்து மேலெழும் சிறு மீனையும் கணவாயையும் தேடி உண்பவை. பகல் இவற்றுக்கு ஓய்வு நேரம். உறங்குகிறவரைத் துரத்தலாமா? நாம் சும்மா இருந்தால் விருப்பமானவை தாமே வரும்" என்றார். பிள்ளைகள் முகம் வாடினர். எனக்கும் கொடுத்த பணம் நினைவுக்கு வந்தது என்பதை மறைப்பானேன்? அலைமேல் ஆடியபடி ஐந்து நிமிடம் கழிந்தது, பத்தும் கழிந்தது. பின்னர், படகின் நிழலுக்கடியிலிருந்து மூன்று ஓங்கில்கள் மூச்சு விடும் ஓசையோடு எழுந்தன. கை நீட்டினால் தொடும் தூரம்! எவரும் கை நீட்டவில்லை, பேசவுமில்லை. துரத்திப் போயிருந்தால் அம்மூச்சொலியை நாங்கள் கேட்டிருக்க மாட்டோம்.

கரையேறி உணவு உண்டபின் ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்தோம். 1667இல் தொடங்கி 1676இல் முடிந்த கட்டடம் அது. கண்டி மன்னனின் கடல் வாணிகத்தை மறிக்கவே களப்பின் வாயிலில் அதனை எழுப்பினர். கோட்டை கட்டியவர் போயினர். கோட்டையால் மறிக்கப்பட்ட நாட்டின் பிள்ளைகள் அதன் நிழலில் இளநீர் பருகினர்.

வெயில் தணிந்தபின் மணற்குன்றுகளுக்குச் சென்றோம். இது உண்மையான பாலைவனமன்று. எனினும் நண்பகலில் வெறுங்காலோடு நடந்தவனுக்கு அந்த வேறுபாடு புலப்படாது! காற்று மணலை அள்ளி அலையலையாக அடுக்கியிருந்தது. இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் அம்மணலைப் பற்றி நிறுத்துகின்றன. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்ற பழமொழியைப் பள்ளியில் எழுதியிருக்கிறோம். அதன் பொருளைக் கண்ணாற் கண்டது அன்றுதான். கொடி அறுந்தவிடத்தில் மணல் நகர்ந்து தோட்டத்து வேலியை மூடியிருந்தது.

அத்தோட்டத்தில், மணலுக்கு நடுவே, வெங்காயமும் மிளகாயும் பசுமையாய் நின்றன. உவர்நீரின்மேல் மழைநீர் மெல்லிய படையாய் மிதந்து நிற்பதாலேயே கிணற்றில் நன்னீர் ஊறுகிறது. அளவு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறும். உரத்தை அளவின்றி இட்டால் குடிநீரே கெடும். கடலில் எங்கள் வழிகாட்டி சொன்னதும் இதையேதான்: அளவோடு நின்றால் கிடைக்கும், அவசரப்பட்டால் கைவிட்டுப் போகும்.

திரும்பும் வழியில் பாலாவி உப்பளங்களில் அந்திச் சூரியன் ஆயிரம் கண்ணாடிகளில் முகம் பார்த்தது. உப்புக்கு வெயில் வேண்டும். பருவம் தவறிய மழை அதற்குப் பகை. மழையால் விளைச்சல் குன்றி 2025ஆம் ஆண்டில் நம் தீவே இந்தியாவிலிருந்து உப்பு வரவழைத்த செய்தியைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டினேன். "அப்படியானால் நாம் இவர்களுக்கு என்ன கொடுக்கிறோம், அப்பா?" என்று மகள் கேட்டாள். நான் விடை தேடுமுன் இளையவனே, "நம்முடைய ஆற்றுத் தண்ணீர்" என்றான்.

உண்மைதான். மலை நீரைக் கொடுக்கிறது. கரை உப்பைத் தருகிறது. நம் ஆற்றில் நாம் எறியும் குப்பை நம்மோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் அப்போதே உணர்ந்தேன். மாணவ மணிகளே, கற்பிட்டிக்குச் செல்லுங்கள். குடையும் குடிநீரும் மறவாதீர்கள். படகேறுமுன் "ஓங்கில்களைத் துரத்த வேண்டாம்" என்று படகோட்டியிடம் பணிவோடு சொல்லுங்கள். நள்ளிரவுக்குச் சற்று முன் மீண்டும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்தோம். பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தனர், அவர்கள் உதட்டில் கடலின் உப்பு இன்னும் காயாமல் இருந்தது.