லைக் வருது... காசு எப்ப வரும்? ஓசூர் ஷிஃப்ட்டுக்கு நடுவே ஒரு வெப்காமிக் கலைஞன்!

ராகிக் காட்டுக்குள் யானை. பரண் மேல் தாத்தா. பட்டாசு பற்றவைக்கத் தாத்தா தீப்பெட்டியைத் தேடுகிறார். கதிரைத் தின்றுகொண்டே யானை சொல்கிறது: "மெதுவா தேடு பெருசு, அவசரமில்ல!"

நான்கே கட்டங்கள். போன வருஷம் எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் இந்த காமிக்ஸ்தான் சுற்றியது. வரைந்தவன் என் சித்தப்பா மகன். கிடைத்த வருமானம்? பூஜ்யம்.

எங்கள் ஊர் நாட்றாம்பாளையம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் மலைப்பாதையில் இருக்கிறது. காட்டைத் தாண்டினால் காவிரி. அதற்கு அந்தப் பக்கம் கர்நாடகா. மழையை நம்பி ராகியும் கொள்ளும் விதைக்கிற பூமி என்பதால், படித்த பிள்ளைகள் ஓசூருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். தம்பியும் ஐ.டி.ஐ முடித்துவிட்டு ஏறினான். இப்போது ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, போனில் இபிஸ் பெயின்ட் ஆப்பைத் திறந்து விரலால் வரைவான். அந்த யானை காமிக்ஸுக்கு மட்டும் 7 மணி நேரம் ஆனது. இரண்டே நாளில் யாரோ அவன் பெயரை வெட்டிவிட்டு, தங்கள் பக்கத்தின் லோகோவை ஒட்டிவிட்டார்கள்.

"அவங்களுக்கு விளம்பரம் வருதுக்கா. எனக்கு 'செம மச்சி'னு கமென்ட் வருது" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை செய்கிறவள் நான். ஒரு செய்தியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணோடுதான் என் நாள் விடிகிறது. என் செய்தியை 10 பேர் படித்தாலும், 10,000 பேர் படித்தாலும் மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடும். தம்பிக்கு எண் மட்டும்தான் வருகிறது.

சம்பளம் இருந்த காலம்

விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் தொங்கும் 'அம்புலிமாமா' படம் ஞாபகம் இருக்கிறதா? அதை வரைந்த சங்கர் என்கிற கே.சி.சிவசங்கரன், தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1946-ல் 85 ரூபாய் மாதச் சம்பளத்துக்குக் 'கலைமகள்' பத்திரிகையில் சேர்ந்தார். 1950-களின் தொடக்கத்தில் 'அம்புலிமாமா'வுக்கு வந்து, பல பத்தாண்டுகள் அங்கேயே வரைந்தார். 2020-ல் அவர் மறைந்த பிறகு, 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

விருதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த 85 ரூபாய்தான். கிராமத்துப் பையன் ஒருவன், வரைவதையே வேலையாக வைத்துக் குடும்பம் நடத்த முடிந்திருக்கிறது. வாசகர் பத்திரிகைக்குக் காசு கொடுத்தார். பத்திரிகை ஓவியருக்குச் சம்பளம் கொடுத்தது. இன்று வாசகர் இருக்கிறார், ஓவியரும் இருக்கிறார். நடுவில் சம்பளம் கொடுத்த அந்தக் கையைத்தான் காணோம்.

சிவகாசியிலிருந்து 1972-ல் 'முத்து காமிக்ஸ்' வந்தது. 1984-ல் 'லயன் காமிக்ஸ்' வந்தது. இன்றும் அவற்றைக் காசு கொடுத்து வாங்கிப் பத்திரப்படுத்தும் வாசகர்கள் உண்டு. ஆனால், அவற்றில் வருபவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்புகள். நம் ஊர் ஓவியருக்கு அங்கே இடம் குறைவு.

தென்கொரியாவில் 2004-ல் தொடங்கிய நேவர் வெப்டூன், செல்போனில் படிக்கும் காமிக்ஸைப் பெரிய தொழிலாகவே மாற்றியது. 2024-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை வரை போனது. அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டியே படிக்க வேண்டுமானால் காசு. ஆங்கிலத்தில் வரைந்த சைலேஷ் கோபாலனின் 'பிரவுன் பேப்பர்பேக்' தொடர் அந்தத் தளத்தில் வெளியாகி, இந்தியக் குடும்பக் கலாட்டாவை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஆங்கிலம், இந்தோனேசியன், தாய், ஸ்பானிஷ் எனப் பல மொழிகளில் இயங்கும் அந்தத் தளத்தில் தமிழ்தான் இல்லை.

ஒரே நிமிஷத்தில் ஜிப்லி

தம்பிக்கு இருந்த ஒரே வருமானம், கல்யாணப் பத்திரிகைக்கு மாப்பிள்ளை - பெண்ணை கார்ட்டூனாக வரைந்து கொடுப்பது. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடி-யில் 'ஜிப்லி' ஸ்டைல் படங்கள் டிரெண்டானதும் அதிலும் அடி விழுந்தது. "போன்லயே ஒரு நிமிஷத்துல வருதேப்பா, நீ எதுக்கு 800 ரூபா கேக்குற?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சித்தப்பாவின் கேள்வி இன்னும் நேரடியானது. "படம் நல்லாத்தான் இருக்கு. வண்டி டியூவை யார் கட்டுறது?"

அவர் கேட்பதில் தப்பில்லை. தம்பி வேலையை விடவில்லை. விடச்சொல்லி நானும் சொல்லமாட்டேன். ஆனால், யானை ராகிக்கு வரும் ராத்திரியும், கம்பெனி பஸ்ஸில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து நடக்கும் சண்டையும் எந்தக் கொரியக் கதையிலும் வராது. அதை அவன்தான் வரைய வேண்டும். டியூ கட்டியே களைத்துப்போய் ஒருநாள் நிறுத்திவிட்டால், நஷ்டம் அவனுக்கு மட்டுமில்லை.

நாம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். பிடித்த படத்தை ஃபார்வர்டு செய்யும்போது வரைந்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டப்பட்ட படம் வந்தால், "இது யார் வரைந்தது?" என்று குழுவில் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் யு.பி.ஐ எண் கொடுத்திருந்தால், ஒரு டீக்காசு அனுப்புங்கள்.

மூன்று மாதத்துக்கு முன் தம்பியும் தயங்கித் தயங்கிக் கேட்டான், மாதம் 20 ரூபாய். 31 பேர் அனுப்பினார்கள். மொத்தம் 620 ரூபாய்.

"சம்பளம்னு சொல்ல முடியாதுக்கா. ஆனா, மூணு மாசமா மாசாமாசம் வருது!"